காலிக் கட்டம்

எனக்கு எண்பத்துநாலு வயது. ஏழு பெற்றேன், ஐந்தை வளர்த்தேன். ஐந்தும் இன்றைக்குத் தங்கள் பெயரைத் தாங்களே எழுதும். நான் எழுதக் கற்றது என் மூத்த மகனின் சிலேட்டில், அவன் எழுதி அழித்துவிட்டு விளையாட ஓடின பிறகு. அதனால் என் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். படிக்கிறவர்கள் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு மனிதனைப் பற்றி எழுதப் போகிறேன். பெயரை எழுத மாட்டேன். தெரியாமல் இல்லை, இனிஷியல் வரைக்கும் தெரியும். தாளின் தலைப்பில் பெயர் வர வேண்டிய இடத்தில் நாலு கோடு இழுத்து ஒரு கட்டம் கட்டி, அதைக் காலியாக விட்டிருக்கிறேன். காலிக் கட்டத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது. நேரில் இருந்த நாளெல்லாம் 'ஐயா' என்றுதான் கூப்பிட்டேன். எழுத்தில் அவன்தான். கற்ற எழுத்து அந்த அளவுக்காவது உதவட்டும்.

அவன் மான் கணக்கெடுக்க வந்தவன்.

செஞ்சிக்கு மேற்கே, கோட்டை மலைகள் முதுகைக் காட்டுகிற பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் ஊர், மேலண்டை ஊர், ஏரிக்கரை ஊர் மூன்றும் ஒரு கரட்டுக்காட்டைச் சுற்றி மூன்று பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. அறுபதுகளில் அந்தக் காட்டில் வெளிமான் இருந்தது. கிடாவுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கின கொம்பு. பெட்டைக்குக் கொம்பு கிடையாது, நிறம் செவலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நாலு இலை விட்டால் போதும், கொல்லை நிலத்தில் இறங்கி மேய்ந்துவிடும் என்று கொல்லைக்காரர்கள் திட்டுவார்கள். எங்களுக்குக் கொல்லை இல்லை. அதனால் மான் மேல் கோபமும் இல்லை. என் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், அந்தக் காட்டில் ஆடு மேய்த்தார். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில்தான். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, நானும் நைனாவோடு காட்டுக்குப் போவேன்.

எந்த விலங்கு எங்கே எத்தனை இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நிறைய இருந்தால் சுடுகிறவர்களுக்குப் பர்மிட் கொடுப்பார்கள். குறைந்திருந்தால் நிறுத்துவார்கள். அதற்காக ஒரு பாரம் அச்சடித்து இவனிடம் கொடுத்தனுப்பினார்கள்.

ஆள் ஒல்லி. வெள்ளைச் சட்டை. பையில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். சைக்கிளை விட்டு இறங்கினால் பள்ளிக்கூடத்து நிழலில்தான் இறங்குவான். காட்டுக்குள் கால் வைக்க மாட்டான். தெருவில் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடத் தரையில் கட்டம் கிழித்து வைத்திருப்பார்கள். அவன் போகிற போக்கில் குனிந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கல்லைப் போட்டுவிட்டுத்தான் போவான். பிள்ளைகள் சிரிக்கும். "கட்டம் காலியா இருந்தா கண்ணுல குத்துதும்மா" என்பான். அதுதான் அவன் சொல். விளையாட்டுக்கும் அதைச் சொல்வான், வேலைக்கும் அதையே சொல்வான்.

முதல் தடவை வந்தபோது மூன்று ஊரிலும் நிழலில் உட்கார்ந்து கேட்டான். மேலண்டை ஊரில் இருபது என்றார்கள். ஏரிக்கரையில் இருபத்திரண்டு. எங்கள் ஊரில் பத்தொன்பது. மூன்றையும் கூட்டி அறுபத்தொன்று என்று போட்டான்.

நைனா பக்கத்தில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவர், "ஐயா, அது ஒரே மந்தை. காலையில மேலண்ட, உச்சிக்கு ஏரிக்கரை, சாயந்தரம் இங்க. அதே மானத்தான் மூணு ஊர்க்காரனும் பாக்கறான்" என்றார்.

"அப்ப ரெண்டு ஊருக்குக் கட்டத்தக் காலியா வுடச் சொல்றியா பெரியவரே? மேல கேப்பாங்களே, நீ போகவே இல்லயான்னு."

"காட்டுக்குள்ள நீங்க போகலயே ஐயா."

அவன் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவனை அப்போதே பிடித்திருக்கும். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனான். அடுத்த வரியில் கறுப்பு மான், செவலை மான் என்று இரண்டு கட்டம் கட்டி வைத்திருந்தான், இரண்டும் இரண்டு ஜாதி என்று. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா கறுப்பா இருக்கறீங்க. உங்க வூட்டம்மா செவப்பா இருந்தா ரெண்டு பேரும் வேற வேற ஜந்துவா?"

தழைக்கட்டு நைனாவின் கையிலிருந்து நழுவியது. அவன் பாரத்தைக் குனிந்து பார்த்தான். அப்புறம் நீல முனையால் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டான். திருத்தச் சொன்னால் திருத்துகிறவன்தான். காலியாக விடச் சொன்னால்தான் முடியாது.

ஊருக்கு அவன் நல்லவன். அதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் கூட்டிக் குறைத்து எழுதினவள் ஆவேன். வெயில் தாழும் வரைக்கும் நிழலில் காத்திருக்கிற நேரத்தில் யார் பாரம் நீட்டினாலும் எழுதிக் கொடுப்பான். எங்கள் ரேஷன் பாரத்தை அவன்தான் எழுதினான். பிள்ளைகளுக்கு மூன்று வரி இருந்தது. எனக்கு அப்போது மூத்தவனும் கைக்குழந்தையும்தான். நடுவில் ஒரு பெண் இருந்தாள், காய்ச்சலில் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்டான், சொன்னேன். தலையை ஆட்டினான். கார்டு வந்தபோது பார்த்தால் நடு வரியில் என் மகள் இருந்தாள். வயது மூன்று என்று போட்டு, உயிரோடு.

"இது இன்னா ஐயா?"

"வரி இருக்குதே, போட்டுட்டேன். சக்கரை கூட வரும்மா. நல்லதுதானே."

ஒரு வருஷம் அவள் பங்குச் சர்க்கரை வந்தது. ஒரு சிட்டிகை நான் வாயில் போடவில்லை. கல்லறைத் திட்டுக்குக் கொண்டுபோய் எறும்புக்குத் தூவினேன். எங்கள் அத்தை, "மவராசன், யாரு செய்வான் இப்படி" என்று அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். எனக்கு அவன் நல்லவனா கெட்டவனா என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுதுகிற கையை எப்படி நம்புவது என்று மட்டும் பயமாக இருந்தது.

அந்த அறுபத்தொன்று ஊருக்குத் திரும்பி வந்தது ஜீப்பில். நிறைய இருக்கிறது என்று மேலே எழுதிவிட்டார்கள். பர்மிட் வாங்கிக்கொண்டு டவுன்காரர்கள் நாலு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். நைனா ஆடுகளைச் சூரைப் புதருக்குப் பின்னால் மடக்கி நின்றார். புதர் அசைந்தது, சுட்டார்கள். முழங்காலில் ஏழு ரவை. செஞ்சி ஆஸ்பத்திரியில் எடுத்துப் போட்டார்கள், ஆனால் கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஆட்டின் பின்னால் நடந்த மனிதர், வாசலில் காலை நீட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆடுகளை விற்றோம். சுட்டவர்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அவர்கள் கையில் இருந்த தாளும், அந்தத் தாளை வரவழைத்த எண்ணும்தான் ஞாபகம்.

தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் சாமியார் கேட்பார், "அவன மன்னிச்சிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல சாமி."

அடுத்த தவக்காலத்திலும் கேட்பார். அப்போதும் அதே பதில்தான். மனதில் இல்லாததை வாயால் சொல்லி அவனைப் போல் ஆக எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கணக்கெடுக்கப் போகிறார்கள், இந்தத் தடவை ஒரு பெரிய ஆபீசரும் வருகிறார் என்று தெரிந்தது. சேதி காதில் விழுந்த நேரம் உச்சி மணி அடித்தது. எங்கள் மாதா கோயில் மணி மூன்று ஊருக்கும் கேட்கும். மணி அடித்தால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நின்று சிலுவை போட்டு ஜெபம் சொல்ல வேண்டும். நாற்று நடுகிறவள் சேற்றில் நிற்பாள், தண்ணீர் எடுக்கிறவள் கிணற்றடியில் நிற்பாள். நின்றுகொண்டே நினைத்தேன். ஒரு மான் ஒரு மணிச் சத்தத்தில் மூன்று ஊரில் இருக்க முடியாதே.

மூன்று ஊரிலும் ஒவ்வொருத்தியைப் பிடித்தேன். எங்கள் ஊருக்கு நானே. ஆளுக்கு ஒரு துண்டுக் கயிறு. முதல் மணி விழுந்ததும் காட்டைப் பார், எத்தனை தெரிகிறதோ அத்தனை முடிச்சுப் போடு என்றேன். ஏரிக்கரைக்காரி கேட்டாள், "ஜெபம் எப்ப சொல்றது?"

"எண்ணிட்டுச் சொல்லு. மாதா கோவிச்சுக்க மாட்டா."

பெரிய ஆபீசர் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இவன் பழைய அறுபத்தொன்றைப் படித்துக் காட்டி, புதிதாக எழுபதோ என்னவோ போட நீல முனையைத் திருப்பினான். நான் மூன்று கயிற்றையும் மேசை மேல் வைத்தேன். ஏரிக்கரைக் கயிற்றில் பதினோரு முடிச்சு. மற்ற இரண்டும் வெறும் கயிறு.

"முடிச்சே இல்லாத கயிறு எதுக்கும்மா?" என்றார் ஆபீசர்.

"அங்கயும் ஒருத்தி நின்னு பாத்தா, காணோம்னு அர்த்தம் சார். கயிறே இல்லாட்டி, பாக்கவே போகலன்னு அர்த்தம்."

அவர் அந்த வெறும் கயிறுகளைத்தான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். இவன் முகத்தில் வேர்வை. எனக்கு இனித்தது. ஒரு வருஷத்துச் சர்க்கரையும் அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது போல இருந்தது.

ஆபீசர் சொன்னார், ஊர் சொன்னது அறுபத்தொன்று, கயிறு சொல்வது பதினொன்று, இரண்டுமே பேச்சுத்தான், எனக்குக் கண் வேண்டும் என்று. அவனைப் பார்த்து, "ஏழு நாள் உச்சி மணிக்கு நீயே காட்டுல நிக்கணும். இந்தம்மா வழி காட்டும். ஒரு நாள் கண்ணுல பட்டாலும் 'குறைஞ்சுட்டுது'ன்னு எழுதி, துப்பாக்கிய நிறுத்தி, காவலுக்கு ஒரு வாட்சர் போட்டுடலாம். ஏழு நாளும் தெரியலன்னா 'இல்ல'ன்னு எழுதி, ஏட்டுல இந்தக் காட்டோட பக்கத்த மூடிட வேண்டியதுதான்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பினார். "காணோம்ங்கறது வேற, இல்லங்கறது வேற. உனக்கு அது தெரிஞ்சிருக்குது. பாத்துச் சொல்லு."

அவனுக்கு வழி காட்டச் சொன்னது என்னிடம். என் நைனாவின் கால் மடங்காமல் கிடக்கிற வீட்டுக்காரியிடம்.

முதல் ஆறு நாள் அவனை மான் போகாத வழியாகத்தான் கூட்டிப்போனேன். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சூரைமுள் கொக்கி போல் மாட்டும், இழுத்தால் சதையோடு வரும். சப்பாத்திக்கள்ளிப் பள்ளம், சூடேறின பாறை. மூன்றாம் நாள் அவன் வெள்ளைச் சட்டை முதுகில் கிழிந்தது. நாலாம் நாள் செருப்பு வார் அறுந்தது. மணி அடிக்கும், நிற்போம், ஒன்றும் இருக்காது. அங்கே எப்படி இருக்கும்?

"சைபர் போடுங்க ஐயா" என்பேன்.

போடுவான். பென்சில் அந்த வட்டத்தைச் சுற்றி வருவதற்குள் அவன் முகம் பிரசவ வலிக்காரி முகம் போல ஆகும். நான் அருகில் நின்று, வட்டம் முழுதாக மூடுகிற வரைக்கும் பார்ப்பேன். "சேரல பாருங்க, வாய் தொறந்துகினு இருக்குது" என்று ஒரு நாள் மறுபடியும் போடச் சொன்னேன். போட்டான்.

ஆறாம் நாள் அவன் சொன்னான், "இந்தாம்மா, நாலுன்னு போட்டுடறேன். கட்டமும் நெறையும், மானுக்கு வாட்சரும் வருவான். யாருக்கு இன்னா நஷ்டம்?"

சொல்லிவிடுகிறேன், அது நல்ல யோசனை. அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் என் மகளை உயிரோடு எழுதின அதே குரலில் சொன்னான்.

"பாக்காதத எழுதினீங்கன்னா ஆபீசர்கிட்ட நானே சொல்லுவேன்" என்றேன். சைபர் போட்டான்.

ஏழாம் நாள் சரியான இடத்துக்கே கூட்டிப்போனேன். சத்தியமாக அதுதான் என் திட்டம். ஆறு நாள் முள்ளும் சைபரும் அவனுக்கு, ஏழாம் நாள் மானுக்கு. ஏரி மடுவுக்கு மேலே ஒரு பாறை உண்டு. உச்சிக்கு அங்கே நின்றால் தண்ணீருக்கு இறங்குவது தெரியும். பாறையில் ஏறினதும் அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாதத்து முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தான்.

பிடுங்கிக்கொண்டே, ஏதோ பேச வேண்டுமே என்று கேட்டது போல, "உங்க நைனாவுக்குக் காலு இன்னும் சரியாகலயாமே?" என்றான்.

நான் எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேள்விப்பட்டேன். எழுதலாம்னுதான் பாத்தேன். இன்னா பண்றது, அதுக்கு நம்ம பாரத்துல கட்டம் இல்லம்மா."

மணி அடித்தது. நான் சிலுவை போட்டேன். எதிர்ச்சரிவில் புல் அசைந்தது. முதலில் கிடா வந்தது, பின்னால் மூன்று பெட்டை, கடைசியாக ஒரு குட்டி. மொத்தம் ஐந்து. கிடா தலையைத் தூக்கி எங்கள் பாறையைப் பார்த்தது. அவன் குனிந்தபடியே முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்ல" என்றேன்.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவை மடுவின் மறைவில் இறங்கிவிட்டன. ஏழாவது சைபரை நான் சொல்லாமலே போட்டான்.

மறுநாள் ஆபீசர் வந்தார். "இல்லயா, காணோமா?" என்று அவனைத்தான் கேட்டார். அவன் கிழிந்த சட்டையோடு எழுந்து நின்று சொன்னான், "இல்ல சார். அந்தம்மா கண்ணுக்குத் தப்பாது. அது சொன்னா சொன்னதுதான்." ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சிவப்பு முனையால் பக்கத்தை மூடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் நேரில் போய் நின்று, தன் கண்ணும் இன்னொருத்தி கண்ணும் சொன்னதை அப்படியே எழுதினான். அதுதான் பொய்யாகப் போனது.

பழி தீர்ந்ததா என்றால், அந்த ஒரு இரவு தீர்ந்தது.

ஆனால் அதற்கு முன்பே, ஏழாம் நாள் மதியமே, நைனா என்னைப் பிடித்துவிட்டார். நான் வாசலில் கால் கழுவப் போனேன்.

"இன்னாம்மா, வந்துதா?"

"இல்ல நைனா."

அவர் என் பாதத்தைப் பார்த்தார். மடுவுப் பக்கம் இறங்கித் திரும்பும்போது ஈரப் புழுக்கை ஒன்று விரல் இடுக்கில் ஒட்டியிருந்தது. ஆட்டுப் புழுக்கைக்கும் மான் புழுக்கைக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? நீட்டின காலைக் கையால் தடவிக்கொண்டே, "அவன் கூட்டுனான். நீ கழிச்சுட்ட" என்றார். அதோடு சாகும் வரைக்கும் மான் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை.

வாட்சர் வரவில்லை. இல்லாத மானுக்கு எதற்கு வாட்சர்? துப்பாக்கிக்காரர்கள் மட்டும் வந்தார்கள், அவர்களுக்குப் பக்கம் மூடினது தெரியாது. கிடாவின் தலை ஜீப்பில் தொங்கிக்கொண்டு மேல்மலையனூர் ரோட்டில் போனதை ஏரிக்கரைக்காரி பார்த்தாள். அப்புறம் நான் வருஷக் கணக்காக உச்சி மணிக்கு அந்தப் பாறையில் போய் நின்றிருக்கிறேன். காணோம். காணோம் என்றுதான் எழுதுகிறேன். 'இல்லை' என்கிற மற்ற சொல்லை எழுத எனக்கு இனிமேல் உரிமை இல்லை.

போன மாதம் காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தாள். மரத்துக்கு மரம் போட்டோ எடுக்கிற பெட்டியைக் கட்டினாள். எங்கெங்கே பார்த்தாள், எத்தனை நாள் பார்த்தாள் என்று எல்லாம் எழுதிக்கொண்டாள். ஒன்றும் விழாத நாளையும் எழுதினாள். பார்த்ததும் எனக்கு அந்த வெறும் கயிறு ஞாபகம் வந்தது. "முன்ன இங்க வெளிமான் இருந்துதுன்னு சொல்றாங்களே பாட்டி, பழைய ஏட்டுல இல்லன்னுதான் இருக்குது" என்றாள். கையெழுத்து அவனுடையது. சொல் என்னுடையது. அந்த ஏட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தாளையும் வைக்கச் சொல்லப் போகிறேன். ஐந்து. ஒரு கிடா, மூன்று பெட்டை, ஒரு குட்டி. ஏரி மடு, உச்சி மணி. பார்த்தவள் நான்.

அவனை இன்னும் மன்னிக்கவில்லை. சாமியார்கள் நாலைந்து பேர் மாறிவிட்டார்கள், கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை. பொய் சொன்னது நான் என்பதை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

என் பேத்தி வந்து தாளைக் கையில் எடுத்துவிட்டாள். தலைப்பில் விரலை வைத்து, "இந்தக் கட்டம் ஏன் ஆயா காலியா இருக்குது? யார் பேரு போடணும்?" என்கிறாள்.

உக்காரு கண்ணு. மொதல்லேர்ந்து சத்தமாப் படி, ஏழாம் நாள் வந்தா மெதுவாப் படி. படிச்சு முடிச்சுட்டு, யார் பேரப் போடறதுன்னு நீயே சொல்லு.